மியூசியம் தியேட்டர்ல மைக் இல்லாம நாடகமா? காது மந்தமான அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

வில்லிவாக்கத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேணும். கொஞ்சம் விவரமாவே சொல்லிடறேன்.

அப்பாவுக்கு 72 வயசு. ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில, பெட்டியோட கூடு செய்யற ஷெல் டிவிஷன்ல 34 வருஷம் வேலை பார்த்தவர். நாள் முழுக்க இரும்புத் தகடு அடிக்கிற சத்தத்துல நின்னு, சர்வீஸ்ல இருக்கும்போதே இடது காது போயிடுச்சு. வலது காதுல மெஷின் வெச்சிருக்கார். வீட்டுல எதிர்ல உக்காந்து பேசினா எல்லாம் புரியுது. கல்யாண மண்டபம், மீட்டிங், ஸ்பீக்கர் வெச்ச இடம்னா ஒண்ணும் புரியாது. "சத்தம் கேக்குதுடா, சொல்லுதான் கேக்கல"ன்னு சொல்வார்.

அவர் நாடகப் பைத்தியம். குவார்ட்டர்ஸ்ல ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் நாடகம் போடுவாங்களே, அதுல நடிச்சவர். கல்யாணம் ஆனப்புறம் அம்மாவோட சபா சபாவாப் போய்ப் பார்த்தவர். அம்மா தவறி நாலு வருஷம் ஆச்சு. போன மார்கழியில மனசு மாறட்டுமேன்னு ஒரு சபாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். மேடைக்கு மேல வரிசையா மைக் தொங்குது, ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு ஸ்பீக்கர். பத்து நிமிஷத்துல மெஷின் கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுது. அப்பா அதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். ரெண்டு மணி நேரம் ஒரு சொல் விளங்காம மேடையையே பார்த்துட்டு இருந்தார். எழுந்து போயிடலாம்ப்பான்னு கூப்பிட்டேன். "பாதியில எழுந்தா நடிக்கிற பசங்க மனசு கஷ்டப்படும், இரு"ன்னுட்டார். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இப்போ ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார், எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல மைக் இல்லாமலே பேசுவாங்க, கடைசி வரிசைக்கும் தெளிவாக் கேக்கும்னு. அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி 7 மணிக்கு அங்க ஒரு தமிழ் நாடகம் இருக்கு. அந்தக் கட்டடத்தை ஸ்கூல்ல மியூசியம் கூட்டிட்டுப் போனப்போ வெளியில இருந்து பார்த்ததோட சரி. ஆபீஸ்காரர் சொன்னது உண்மையா? எங்க உக்கார வெச்சா அப்பாவுக்கு நல்லாக் கேக்கும்? முட்டி வலியும் இருக்கு, படி நிறைய ஏறணுமா? இன்னொரு தடவை அவரை அப்படி உக்கார வெக்க எனக்கு மனசு வரல. அதான் முன்கூட்டியே கேக்கறேன்.


சைடு விங்:

தம்பி, உங்க ஆபீஸ்காரர் சொன்னது உண்மைதான். அந்தத் தியேட்டர்ல விங்குக்குள்ள, அதாவது மேடையோட பக்கத் திரை மறைவுல நின்னு 20 வருஷத்துக்கு மேல வேலை செஞ்சவ நான். வசனம் மறந்தவங்களுக்கு எடுத்துக் கொடுத்து ப்ராம்ப்ட் பண்ணியிருக்கேன், துணி தைச்சிருக்கேன், லைட்டும் பார்த்திருக்கேன். ஆனா ஒண்ணு, மைக் வைக்கிறதும் வைக்காததும் நாடகம் போடுற குழுவைப் பொறுத்தது. பாட்டு, தாளம்னு இருந்தா சில பேர் வெச்சுடுவாங்க. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் குழுவுக்கு ஒரு போன் போட்டு, "பேச்சுக்கு மைக் உண்டா?"ன்னு நேராவே கேளுங்க. காரணத்தையும் சொல்லுங்க. அப்பாவுக்காகக் கேக்கறேன்னு சொன்னா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க.

அங்க மைக் ஏன் வேண்டாம்னா, அந்த ஹால் அரைவட்டம். மேடையைச் சுத்தி வளைஞ்சு, படிப்படியா உசந்துட்டே போற இருக்கைகள். நீளமான ஹால்ல கடைசி ஆள் எங்கேயோ இருப்பான். இங்க எல்லாரும் மேடையைச் சுத்தி நெருங்கி உக்காந்திருப்பாங்க. கடைசி வரிசைக்காரர் கூட நடிகர் முகத்துல வேர்வையைப் பார்த்துடலாம். படிப்படியா இருக்கறதால முன்வரிசைத் தலைகள் குரலை வாங்கிக்காது, வாயிலிருந்து வர்ற சொல் நேராக் காதுக்கு வந்துடும். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஒத்திகையில டைரக்டர் என்னைக் கடைசி வரிசையில போய் உக்காரச் சொன்னார். எந்தச் சொல் கேக்கலையோ அப்போ கையைத் தூக்கணும், அதுதான் எனக்கு வேலை. மேடையில ஒரு பொண்ணு மூச்சை இழுத்து விட்டுட்டுப் பேச ஆரம்பிக்கறா. அந்த மூச்சே எனக்குக் கேட்டுச்சு.

அப்போ எத்தனை தடவை கையைத் தூக்கினேன்னா, முப்பதுக்கு மேல இருக்கும். அதுல பாதிக்கு மேல வாக்கியத்தோட கடைசிச் சொல். தமிழ்ல அங்கதானே எல்லாம் இருக்கு! "நாளைக்குக் காலையில உன் வீட்டுக்கு நான்" வரைக்கும் எவ்வளவு நல்லாச் சொன்னாலும் போதாது. வருவேனா, வரமாட்டேனா, வந்திருப்பேனா, எல்லாமே கடைசியில இருக்கற அந்த ஒரு சொல்லுலதான். மூச்சு தீர்ந்துபோய் அதை முழுங்கிட்டா கதையே மாறிடும். மைக் இருக்கற மேடையில பழகின பிள்ளைங்க முழுங்குவாங்க, மைக் எப்படியாவது பொறுக்கிடும்னு நம்பிக்கை. இந்த மேடைக்கு வந்தா, கடைசி எழுத்து வரைக்கும் மூச்சை மிச்சம் வைக்கணும்னு ஒரு மாசம் அடிச்சு அடிச்சுப் பழக்குவோம். நல்ல குழுன்னா உங்க அப்பாவுக்கு அந்தக் கடைசிச் சொல்லும் சேர்ந்து கிடைக்கும்.

இடம் சொல்றேன். முதல் வரிசை வேண்டாம். கழுத்து வலிக்கும், நடிகர் அந்தப் பக்கம் திரும்பினா முதுகுதான் தெரியும். அஞ்சாவது ஆறாவது வரிசை நல்லது. அப்பாவுக்கு வலது காதுதானே? மேடையைப் பார்த்து உக்காந்தா நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமா உக்காருங்க. மேடை அவருக்கு வலப்பக்கமா வரும், நல்ல காது மேடையைப் பார்த்திருக்கும். நீங்களும் அவருக்கு வலப்பக்கமே உக்காருங்க, ஏதாவது சொல்லணும்னா அந்தக் காதுல சொல்லலாம்.

படி உண்டு. கட்டடமே உசரத்துல இருக்கு. வாசல் படி அகலம், அவசரப்படாம நின்னு நின்னு ஏறலாம். முதல் பெல்லுக்கு முன்னாடியே உள்ள வந்துடுங்க. மூணாவது பெல் அடிச்சு லைட் போச்சுன்னா, வயசானவங்களுக்கு உள்ளே அந்தப் படிகள்ல இறங்கறது ரொம்பச் சிரமம்.


செவித்திறன்:

காது பரிசோதனை செய்வது என் தொழில். அதனால் ஒன்றைச் சேர்க்கிறேன். "சத்தம் கேக்குது, சொல்லு கேக்கல" என்று உங்கள் அப்பா சொன்னது அப்படியே மருத்துவ உண்மை. தொழிற்சாலை இரைச்சலால் வரும் காது மந்தம் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத்தான் தின்னும். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கீழ் அலைவரிசையில் இருப்பதால் தப்பித்துவிடும். ச, த, க, ட போன்ற வல்லின ஒலிகளின் கூர்மை மேலே இருப்பதால் மங்கிப்போகும். பேச்சின் ஓசை வரும், எந்தச் சொல் என்று தெரியாது.

ஸ்பீக்கர் வைத்த மண்டபத்தில் இது இரட்டிப்பாகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி முந்தைய சொல்லின் வாலைப் பிந்தைய சொல்லின் தலைமேல் போடும். மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். மேலும் மேடையில் யார் வாய் திறந்தாலும் குரல் ஓரத்துப் பெட்டியிலிருந்து வருவதால், பேசுவது யார் என்பதே பிடிபடாது. மைக் இல்லாத மேடையில் வாயசைவும் குரலும் ஒரே இடத்திலிருந்து வரும். காது கொஞ்சம் விட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். ஆகவே முகத்தில் வெளிச்சம் விழும் நாடகமா என்பதும் முக்கியம்.

போவதற்கு முன் மெஷினுக்குப் புது பேட்டரி போடுங்கள். கீச்சுச் சத்தம் அடிக்கடி வந்தால் காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே குறும்பி அடைத்திருக்கலாம். அதை ஒருமுறை காட்டிவிடுங்கள். உங்கள் அப்பா வெறும் ஸ்பீக்கரால் மட்டும் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.


வார இறுதி:

சகோ, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுலயே பெரிய டிவியில சப்டைட்டில் போட்டு நல்ல படமாப் பார்க்கலாமே. வயசானவரை அவ்வளவு தூரம் அலைய வைக்கணுமா?


சைடு விங்:

டிவிக்குள்ள இருக்கறவங்களுக்கு நாம இருக்கறது தெரியாது. ஸ்பீக்கர் நாடகத்துல ஒரு சொல் விளங்காம அந்தப் பெரியவர் எழுந்து போகாம இருந்தார் பாருங்க, நடிக்கிற பசங்க மனசு கஷ்டப்படும்னு. அப்படிப்பட்ட மனுஷருக்கு எதிர்ல உயிரோட ஆள் வேணும். தம்பி, கூட்டிட்டே போங்க.


பாந்தியன் சாலைக்காரன்:

இந்தத் தியேட்டரின் மேல் எனக்குத் தனிப் பாசம். கன்னிமாரா நூலகத்தில் படித்து வளர்ந்தவன் நான். சாயங்காலம் நூலகத்திலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அந்த வட்டக் கட்டடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன். அப்பாவைக் கூட்டிப்போகும்போது சொல்வதற்காவது இதெல்லாம் தெரிந்திருக்கட்டும்.

சாலைக்குப் பாந்தியன் என்று பெயர் வந்ததே கூத்தாலும் கேளிக்கையாலும்தான். பாண்டியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவருக்கு 1778-ல் இங்கே 43 ஏக்கர் கொடுத்தார்கள். 1793-ல் அது 24 பேர் கொண்ட குழுவின் கைக்குப் போனது. ஊரின் பொதுக் கேளிக்கைகளை நடத்துவதே அந்தக் குழுவின் வேலை. விருந்து, நடனம், நாடகம் எல்லாம் இங்கே நடந்தன. அந்தக் கேளிக்கை மாளிகைக்கு 'பாந்தியன்' என்று பெயர். பிறகு 1821-ல் ஓர் ஆர்மீனிய வணிகர் வாங்கினார், 1830-ல் அரசாங்கம் அவரிடமிருந்து திரும்ப வாங்கியது. 1851-ல் கல்லூரிச் சாலையில் தொடங்கிய மியூசியம் 1854-ல் இங்கே குடிவந்தது. ஆக, தியேட்டர் எழும்புவதற்கு நூறு வருஷம் முன்பே இந்த மண்ணில் வேஷம் கட்டியிருக்கிறார்கள்.

இப்போதுள்ள தியேட்டர் 1896-ல் வந்தது, கன்னிமாரா நூலகம் திறந்த அதே வருஷம். இத்தாலியப் பாணிக் கட்டடம். வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். இர்வினுக்கு அரங்கு கட்டுவது புதிதில்லை. 1887-ல் சிம்லாவில் திறந்த கெய்ட்டி தியேட்டரும் அவர் வரைந்ததுதான். நீங்கள் ரயிலில் வந்தால் இறங்குகிற எழும்பூர் ஸ்டேஷன் கட்டடத்திலும் (1908) அவர் கை உண்டு. நம்பெருமாள் செட்டியாரைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட மனம் வரவில்லை. உயர்நீதிமன்றம் அவர் கட்டியது, விக்டோரியா பப்ளிக் ஹால் அவர் கட்டியது. கணிதமேதை ராமானுஜன் 1920 ஏப்ரலில் கண்மூடியது சேத்துப்பட்டில் அவருக்குச் சொந்தமான வீட்டில்தான்.

ஆங்கிலேயர்கள் தங்கள் ஷேக்ஸ்பியரைத் தாங்களே நடித்துப் பார்க்க எழுப்பிய மேடை இது. அந்தக் காலத்தில் தமிழ் நாடகத்துக்கு வேறு இடம் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபை சென்ட்ரல் பக்கம் விக்டோரியா பப்ளிக் ஹாலில் நடித்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த கம்பெனிகள் தெற்கே ஊர் ஊராகக் கொட்டகை போட்டன. எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் மைக் இல்லாத காலத்தில் திறந்த தொண்டையால் கொட்டகையின் கடைசி ஆளையும் கட்டிப்போட்டார்கள். எழும்பூரின் இந்த வட்டத்துக்குள் தமிழ் நுழையப் பல காலம் ஆயிற்று. பிற்பாடு ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையைப் போன்ற குழுக்கள் இங்கே வந்து தமிழ் பேசின. கட்டைக்குரலில் ஒரு நடிகர் மேடையின் ஓரத்திலிருந்து "ஐயா" என்று ஒரே ஒரு சொல் சொன்னதும் அது அந்தக் கூடம் முழுக்க வந்து நிறைந்ததை நான் கேட்டிருக்கிறேன். ஷேக்ஸ்பியருக்காகக் கட்டிய சுவர் நம் வல்லினத்தையும் இத்தனை அழகாக வாங்கிக்கொள்கிறதே என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு விம்மியது.


ஃபைனல் இயர்:

நான் காலேஜ் படிக்கறேன், அங்க அடிக்கடி போறவ. ரெண்டு மூணு விஷயம் மட்டும். அரைவட்டத்தோட ஓரக் கடைசில மாட்டிக்காதீங்க. ஒருதடவை லேட்டாப் போய் அங்கதான் இடம் கிடைச்சுது, மேடைல அந்தப் பக்க மூலைல நடந்தது எதுவுமே தெரியல. சீட் நம்பர் இல்லாத நாடகம்னா அரை மணி முன்னாடியே போயிடுங்க.

சனிக்கிழமைன்னா மதியமே கிளம்பலாம், மியூசியம் திறந்திருக்கும் (வெள்ளிக்கிழமைதான் லீவு). 5 மணிக்கு மூடிடுவாங்க. எல்லாத்தையும் பார்க்க முயற்சி பண்ணாதீங்க, கால் போயிடும். வெண்கலச் சிலைகள் இருக்கற கட்டடம் மட்டும் போதும். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னாடி அப்பாவைக் கொஞ்ச நேரம் நிக்க விடுங்க. அப்புறம் வெளில டீ. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஸ்டேஷன் எதிர்ல கென்னட் லேன்ல போனா வரிசையா ஹோட்டல் இருக்கு.


வில்லிவாக்கத்தான்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து போயிட்டு வந்தோம். இங்க எழுதணும்னு காலையில எழுந்ததும் உக்காந்துட்டேன்.

முதல்ல, செவித்திறன் சொன்னபடி காதைக் காட்டினேன். ரெண்டுமே இருந்துச்சு. அச்சும் தளர்ந்திருந்தது, குறும்பியும் அடைச்சிருந்தது. புது அச்சு எடுத்தோம். நாடகக் குழுவுக்கும் போன் போட்டேன். எடுத்த பொண்ணு, "மைக் இல்லண்ணா, அப்பாவுக்கு எந்தக் காது?"ன்னு கேட்டு ஆறாவது வரிசையில இடப்பக்கமா ரெண்டு சீட் எடுத்து வெச்சிடுச்சு. சைடு விங் அக்கா சொன்ன அதே இடம்!

வில்லிவாக்கத்துல லோக்கல் ஏறி சென்ட்ரல், அங்கேருந்து மெட்ரோவில ஒரே ஸ்டேஷன், எழும்பூர். மூணு மணிக்கு மியூசியம். அர்த்தநாரி முன்னாடி அப்பா ரொம்ப நேரம் நின்னார். ஒரு பக்கம் ஆம்பளத் தோள், ஒரு பக்கம் பொம்பள இடுப்பு, எங்க ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு தெரியாம வார்த்திருக்காங்கன்னு கையாலயே காத்துல தடவிக் காட்டினார். தகடு வளைச்ச கை அது. உலோக வேலையை அவர் பார்க்கற பார்வையே வேற.

தியேட்டர் படியை நாலு தடவை நின்னு ஏறினார். உள்ள நுழைஞ்சதும் உக்காராம அந்த வளைவை ஒரு சுத்து பார்த்தார். பாந்தியன் சாலைக்காரர் ஐயா எழுதினதை முன்னாடியே அவருக்குப் படிச்சுக் காட்டியிருந்தேன். "1896-லயே இதைக் கட்டி வெச்சிருக்கானுங்களே"ன்னு சொல்லிட்டே உக்காந்தார்.

மூணாவது பெல் அடிச்சு லைட் போச்சு. எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்கிச்சு. மேடையைப் பார்க்காம அவர் கை சட்டைப் பைக்குப் போகுதான்னு அதையே பார்த்துட்டு இருந்தேன்.

முதல் காட்சியில ஒரு அம்மா தரையில உக்காந்து முறத்துல அரிசி புடைக்கறாங்க. வசனம் இல்ல. முறம் மேல போகுது, கீழ வருது, அரிசி விழுது. அப்பா என் பக்கம் திரும்பி, "அரிசி விழற சத்தம் கேக்குதுடா"ன்னார். வீட்டுல குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னு என்னைக் கேக்கற மனுஷன். நான் தலையாட்டினேன், பேச வரல. அப்புறம் அந்த அம்மா பேச ஆரம்பிச்சாங்க. அக்கா சொன்னாங்களே கடைசிச் சொல்லைப் பத்தி, அதையே கவனிச்சேன். "அவன் வந்தா இந்த வீட்டுப் படியை மிதிக்க விட"ன்னு வந்து, ஒரு கணம் நிறுத்தி, "மாட்டேன்". அந்த 'மாட்டேன்' எங்க ஆறாவது வரிசைக்கு முழுசா வந்து சேர்ந்துச்சு. அப்பா "உம்"னு கொட்டினார், கதை கேக்கறவங்க கொட்டுவாங்களே, அந்த மாதிரி.

ஒன்றே முக்கால் மணி நேரத்துல "என்ன சொன்னான்?"னு என்னைக் கேட்டது ரெண்டே தடவை. ஒரு தடவை நடிகர் பின்பக்கம் திரும்பிப் பேசினப்போ. இன்னொரு தடவை ஜனங்க சிரிச்ச சிரிப்புல அடுத்த வசனம் மூழ்கினப்போ. அப்போ எனக்கும்தான் கேக்கல. ரெண்டு பேரும் முன் சீட்டுல இருந்த பொண்ணைக் கேட்டோம், அதுக்கும் கேக்கலையாம். அப்பா அதுல ஒரு சந்தோஷப்பட்டார் பாருங்க, அதை என்னால எழுதிக் காட்ட முடியாது. எல்லாருக்கும் கேக்காதது அவருக்கும் கேக்கல, அவ்வளவுதான்.

முடிஞ்சு கைதட்டும்போது எழுந்து நின்னு தட்டினார். நடிச்சவங்க வெளிய வந்து படிக்கிட்ட நின்னாங்க. அந்த முறத்தம்மா உண்மையில முப்பது வயசுப் பொண்ணு. அப்பா போய் அதும்மேல கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிட்டு, "எல்லாச் சொல்லும் வந்துச்சும்மா"ன்னார். அது டக்குனு கால்ல விழுந்துடுச்சு. அதுக்கு அவர் காது விஷயம் தெரியாது. நானும் சொல்லல.

கென்னட் லேன்ல இட்லி சாப்பிடும்போது குவார்ட்டர்ஸ் நாடகக் கதை எல்லாம் வந்துச்சு. நான் கேட்டே இராத கதைங்க. ஒரு நாடகத்துல அவர் தபால்காரராம், ஒரே ஒரு வசனம். "மணியார்டர் வந்திருக்கு, ஆனா கையெழுத்துப் போடவேண்டிய ஆள் இந்த வீட்ல இல்ல." அதைச் சொல்றதுக்காக ரெண்டு மாசம் தண்டவாளத்தோரமா நடந்துக்கிட்டே சத்தம் போட்டுப் பழகினாராம். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி அவரை முதல்ல பார்த்ததே அந்த நாடகத்துலதானாம். இது எனக்கு நேத்துதான் தெரியும். பக்கத்து டேபிள்காரங்க திரும்பிப் பார்க்கற மாதிரி அந்த வசனத்தை ஹோட்டல்ல சொல்லிக் காட்டினார். கடைசியில 'இல்ல'ங்கறதை முழுங்கவே இல்ல.

வீட்டுக்கு வந்ததும் பத்தரை மணிக்கு ஐ.சி.எஃப்ல கூட வேலை பார்த்த ஃப்ரெண்டுக்கு போன். அடுத்த நாடகத்துக்கு அவரையும் கூட்டிட்டுப் போகணுமாம். அவருக்கும் அதே ஷாப், அதே சத்தம். ஆனா அவருக்கு வலது காது போச்சு, இடது காதுதான் கேக்கும். அக்கா, அப்போ அவரை நடுவுக்கு வலப்பக்கம் உக்கார வெக்கணும், சரிதானே? ரெண்டு பேரும் ஒரே இடத்துல உக்காரணும்னு அடம் பிடிக்கறாங்க.


சைடு விங்:

சரிதான் தம்பி. சேர்ந்து உக்காரணும்னா நட்ட நடுவுல உக்கார வெச்சுடுங்க. அப்பாவை வலப்பக்கச் சீட்டுலயும் ஃப்ரெண்டை இடப்பக்கச் சீட்டுலயும் மட்டும் வெச்சுடாதீங்க. நடுவுல ரெண்டு கேக்காத காதும் சேர்ந்துடும், ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு எட்டாது. அப்பா இடப்பக்கம், ஃப்ரெண்டு வலப்பக்கம். நல்ல காது ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்து இருக்கட்டும். எந்த நாடகம், என்னைக்குன்னு முன்னாடியே இங்க எழுதுங்க. நானும் வந்து பின்வரிசையில உக்கார்றேன், அந்தத் தபால்காரரை எனக்குப் பார்க்கணும்.